மல்லிகையைக் கொதிக்க வைக்காதீர்கள்: தோட்டத்துப் பூக்களில் செண்ட் செய்த அனுபவம்

வீட்டிலேயே பூவில் செண்ட் செய்வது எப்படி என்று தேடினால் பெரும்பாலும் ஒரே செய்முறைதான் கிடைக்கிறது. இதழ்களைத் தண்ணீரில் போட்டு இரவெல்லாம் ஊறவை, மறுநாள் சூடாக்கி வடிகட்டு, பாட்டிலில் ஊற்று. எந்தப் பூவாக இருந்தாலும் இதே வழிதான். கிடைப்பது லேசாக மணக்கும் பழுப்புத் தண்ணீர். அதுவும் சில நாளில் புளித்துப் போகும். ரோஜாவாவது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், மல்லிகை இருந்த இடமே தெரியாது. இந்தப் பருவத்தில் என் தோட்டத்து மல்லிகை, நிலச்சம்பங்கி, ரோஜா மூன்றையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எது ஒத்துவருமோ அந்த வழியில் செய்தேன். மல்லிகைக்குத்தான் அதிக உழைப்பு தேவைப்பட்டது. பலனும் அதில்தான் அதிகம். அதனால் இங்கேயும் அதைப் பற்றித்தான் நிறைய எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். மல்லிகையும் நிலச்சம்பங்கியும் செடியிலிருந்து பறித்த பிறகும் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். மல்லிகை மொட்டை முகர்ந்து பாருங்கள், பச்சை வாசனைதான் வரும். மணம் தரும் சேர்மங்களில் ஒரு பகுதி மொட்டுக்குள் சர்க்கரையோடு பிணைந்து, வாசனையே இல்லாமல் கிடக்கிறது. பூ விரியும்போது நொதிகள் அந்தப் பிணைப்பை அறுத்துவிடுகின்றன. அப்போதுதான் மணம் காற்றில் வருகிறது. ஆக, பறித்த மல்லிகையில் இருப்பதைவிட, அது இனிமேல் வெளியிடப் போகிற மணம்தான் அதிகம். வெந்நீரில் போட்ட நொடியில் நொதி செத்துவிடும், பூவும் செத்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் இல்லாத ஒன்று எப்படி வரும்?

இதைக் கண்கூடாகப் பார்க்கவே ஒரே மாலையில் பறித்த மல்லிகையை மூன்று பங்காகப் பிரித்தேன். ஒரு பங்கு வெந்நீரில், ஒரு பங்கு ஆல்கஹாலில், ஒரு பங்கு மணமில்லாத கொழுப்பின் மேல். மறுநாள் காலையில் மூன்றையும் முகர்ந்தேன். வெந்நீரில் ஈர வைக்கோல் வாசனை. ஆல்கஹாலில் முன்னால் ஒரு பச்சைத்தழை நெடி, அதற்குப் பின்னால் எங்கோ மல்லிகை. கொழுப்பை விரலில் தொட்டு மணிக்கட்டில் தேய்த்தேன். செடியருகே இரவில் நின்றால் வருமே, அதே வாசனை. மெல்லியதுதான், ஆனால் அதுவேதான்.

பூவைக் கொழுப்பின் மேல் வைத்து மணத்தை இழுக்கும் இந்த முறைக்கு ஆன்ஃப்ளராஜ் என்று பெயர். பிரான்சின் கிராஸ் நகரத்தில் மல்லிகைக்கும் நிலச்சம்பங்கிக்கும் இதைத்தான் பெரிய அளவில் பயன்படுத்தினார்கள். மரச் சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்தி, அதன் மேல் சுத்திகரித்த பன்றிக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் கலந்து பூசி, பூக்களைப் பரப்பிச் சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். 20-ஆம் நூற்றாண்டில் ஹெக்ஸேன் போன்ற கரைப்பான்கள் வந்தபின் இந்த முறை கிட்டத்தட்ட மறைந்தே போனது. காரணம் தரம் அல்ல, ஆள் கூலி. வீட்டில் செய்கிறவருக்குக் கூலிக் கணக்கு இல்லை. அதனால் இது நமக்கு மிகவும் பொருந்துகிற முறை. ஹெக்ஸேனை வீட்டுக்குள் கொண்டுவரும் எண்ணமே வேண்டாம், சட்டென்று தீப்பற்றும், நரம்புக்கும் கெடுதல்.

கொழுப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. அதற்கென்று ஒரு வாசனை இருக்கக் கூடாது, அறை வெப்பத்தில் உருகவும் கூடாது, கல்லாக இறுகவும் கூடாது. செக்குத் தேங்காய் எண்ணெய் சரிப்படாது, அதன் மணம் மல்லிகையை அமுக்கிவிடும். மணம் நீக்கிய, சுத்திகரித்த தேங்காய் எண்ணெய் நல்லது. ஆனால் சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அதனால் அதில் பாதியும், வாசனையில்லாத வனஸ்பதி பாதியும் சேர்த்து மெல்லிய சூட்டில் உருக்கிக் கலந்தேன். வாங்கும்போதே வனஸ்பதியை முகர்ந்து பார்த்துவிடுங்கள். துளி காறல் இருந்தாலும் அது கடைசி வரை கூடவே வரும்.

20 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் இருக்கும் ஒரு கண்ணாடித் தட்டில் 200 கிராம் கொழுப்பை ஊற்றினால் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். அது போதும். கொழுப்பு தடிமனாக இருந்தால் மணம் அடிவரை இறங்காது. இறுகியதும் ஒரு முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டேன். மேற்பரப்பு கூடும், பூவும் நன்றாகப் பதியும். இதேபோல் இன்னொரு தட்டுக்கும் கொழுப்பு பூசி, முதல் தட்டின் மேல் கவிழ்த்து மூடிவிட்டேன். பூ கீழே மட்டுமா மணம் விடுகிறது? மேலே எழும் மணத்தை மேல்தட்டின் கொழுப்பு வாங்கிக்கொள்ளும்.

அடுத்தது பறிப்பது. குண்டுமல்லியை அந்தி சாயும் முன், வெள்ளையாகப் பருத்து இன்று விரியும் என்று பார்த்தாலே தெரிகிற மொட்டுகளாகப் பறிக்க வேண்டும். பச்சை ஓடிய மொட்டு நாளைக்குத்தான் விரியும், அதை விட்டுவிடுங்கள். பறித்ததை உலர்ந்த பருத்தித் துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி வைத்தால் இருட்டும் நேரத்தில் ஒவ்வொன்றாக வாய் திறக்கும். அப்போது அடியில் இருக்கும் பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு, பூவைத் தலைகீழாகக் கொழுப்பின் மேல் உட்கார வைக்க வேண்டும். காம்பை விட்டுவைத்தால் தழை வாசனை ஏறும். சாதிமல்லியாக இருந்தால் விரிந்த பூவையே விடிவதற்குள் பறித்துவிடலாம். நிலச்சம்பங்கித் தண்டில் கீழிருந்து மேலாக அன்றன்று விரிந்த பூவை மட்டும் பறித்தால் போதும்.

பூவில் ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. இதில் சமரசமே கிடையாது. மழை பெய்த அன்று நான் தட்டில் பூவே வைக்கவில்லை. ஈரம் கொழுப்பில் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், காறலும் தொடங்கும். அப்புறம் அந்தத் தட்டையே கொட்ட வேண்டியதுதான். பூச்சி மருந்து அடித்த செடியின் பூவும் வேண்டாம். மணத்தைப் போலவே மருந்தும் கொழுப்பில் கரைந்துவிடும்.

மல்லிகையை ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, அடுத்த மாலை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் புதுப் பூவை வைத்தேன். நிலச்சம்பங்கி கொஞ்சம் பொறுக்கும், இரண்டு நாள்கூட வைக்கலாம். ஆனால் இதழ் ஓரம் பழுக்கத் தொடங்கினால் கணக்குப் பார்க்காமல் எடுத்துவிட வேண்டும். மல்லிகையில் இண்டோல் என்று ஒரு சேர்மம் இருக்கிறது. மலத்தின் நாற்றத்திலும் அதே சேர்மம் இருக்கிறது என்றால் நம்பக் கடினமாக இருக்கும். துளி அளவில் இருக்கும்போது அதுதான் மல்லிகைக்கு அந்த ஆழத்தையும் கிறக்கத்தையும் தருகிறது. வாடிய பூவை அப்படியே விட்டால் அந்தக் கனத்த நெடி கொழுப்பில் மேலோங்கி, கொஞ்சம் அந்துருண்டை போல மூக்கில் அடிக்கும். வயிறு நிறைய மூச்சிழுக்கத் தோன்றுகிறதா, முகத்தைத் திருப்பத் தோன்றுகிறதா என்பதுதான் நான் வைத்துக்கொண்ட அளவுகோல்.

தட்டைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கலாமா என்று தோன்றும். வேண்டாம். குளிரில் பூ மணம் விடுவது மட்டுப்படும், இதழும் கறுக்கும். வீட்டிலேயே குளிர்ச்சியான, இருட்டான மூலை போதும். வெயில் கூடிக் கொழுப்பு இளகினால், பூக்களை எடுத்துவிட்டுத் தட்டை மட்டும் கொஞ்ச நேரம் குளிரில் வைத்து இறுக்கிக்கொள்ளலாம்.

பருவம் முழுக்க இப்படி மாற்றி மாற்றி வைத்ததில் மணம் ஏறியதை நாளுக்கு நாள் மூக்கால் அறிய முடிந்தது. ஆரம்பத்தில் விரலில் தேய்த்தால்தான் மணக்கும். அப்புறம் மூடியைத் தூக்கினாலே போதும். கடைசியில் தட்டிலிருந்து பூவையெல்லாம் எடுத்துக் காலியாக வைத்த பிறகும் அறைக்குள் மல்லிகை நின்றது. மணம் ஏறிய இந்தக் கொழுப்பை பொமேட் என்பார்கள். இதையே உடம்பில் பூசிக்கொள்ளலாம், நன்றாகத்தான் இருக்கும். எனக்குத் தெளிக்கும் செண்ட் வேண்டும் என்பதால் அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

இங்கே ஆல்கஹால் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசனைப் பொருள் செய்வதற்கென்றே விற்கும் எத்தனாலை மட்டும் வாங்குங்கள், 95 சதவீதம் போலத் திடமானது. மெத்தனால் நஞ்சு. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும், கண்பார்வையையே பறிக்கும். அது கலந்த தொழிற்சாலை ஸ்பிரிட்டைத் தொடவே வேண்டாம். கை சுத்தம் செய்யும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலுக்கு மருத்துவமனை நெடி உண்டு, அது மல்லிகையைக் கொன்றுவிடும். எத்தனாலும் சீக்கிரம் தீப்பற்றும் என்பதால் அடுப்பு, விளக்கு எதுவும் எரியாத, காற்றோட்டமான இடத்தில்தான் வேலை செய்ய வேண்டும்.

பொமேட்டைச் சுரண்டி எடுத்து அகல வாய்க் கண்ணாடிப் புட்டியில் போட்டேன். 200 கிராமுக்கு 200 மில்லிலிட்டர் எத்தனால். மூடியை இறுக்கி, கொழுப்பு இளகும் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் புட்டியை நிறுத்திக் குலுக்க வேண்டும். தண்ணீரை முன்பே வேறு இடத்தில் சுடவைத்துக் கொண்டுவர வேண்டும், அடுப்பின் மேல் கூடவே கூடாது. கொழுப்பு ஆல்கஹாலில் அவ்வளவாகக் கரையாது, மணம் நன்றாகக் கரையும். முழுச் சூட்சுமமும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் இருக்கிறது. தினமும் சில தடவை குலுக்கிவிட்டு, சில வாரம் இருட்டில் வைத்திருந்தேன்.

அதன் பிறகு மேலே தெளிந்து நிற்கும் ஆல்கஹாலை மட்டும் வேறு புட்டிக்கு மாற்ற வேண்டும். தெளிவாகத் தெரிந்தாலும் அதில் கொஞ்சம் கொழுப்பு கலந்திருக்கும். அப்படியே தெளித்தால் துணியில் கறை விழும். மூடியை நன்றாக இறுக்கி உறைநிலைப் பெட்டியில், சுமார் −18 டிகிரியில் இரவு முழுக்க வைத்தேன். காலையில் எடுத்தபோது அடியில் வெள்ளைத் துணுக்குகள் படிந்து, மேலே வெளிர் மஞ்சளில் கண்ணாடி போல் தெளிந்து நின்றது. குளிர் குறைவதற்குள் காபித்தூள் வடிகட்டும் தாள் வழியாக வடித்துவிட வேண்டும். குளிர் போய்விட்டால் துணுக்குகள் மறுபடி கரைந்துவிடும். ஒரே முறை வடித்தால் போதாது; திரும்பக் குளிரவைத்து மீண்டும் வடித்ததும்தான் தாளில் எண்ணெய்த் தடம் விழுவது நின்றது.

ரோஜாவுக்கு இந்தப் பாடெல்லாம் தேவையில்லை. செடியை விட்டுப் பிரிந்ததும் அது மணத்தை இழக்கத் தொடங்குகிறது, மல்லிகை போலப் புதிதாக உண்டாக்குவதில்லை. விடியற்காலையில், வெயில் ஏறுமுன் பறித்து உடனே வாலை வடித்துவிட வேண்டும். அகலமான பாத்திரத்தின் நடுவில் ஒரு கல், கல்லின் மேல் கிண்ணம், சுற்றிலும் 300 கிராம் இதழ், கிண்ணத்தைத் தொடாத உயரத்துக்குத் தண்ணீர். மூடியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஐஸ் கட்டி. மெல்லிய தீயில் ஆவி எழுந்து, மூடியில் குளிர்ந்து, நடுக்குழிவு வழியாகக் கிண்ணத்தில் சொட்டும். இதழின் எடைக்குச் சமமாக, 300 மில்லிலிட்டர் வரை எடுக்கலாம். அதற்கு முன்பே மணம் புதுமை மாறி வெந்த வாசனையாகத் திரும்பினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ரோஜா எண்ணெய் மிதக்கும் என்று கிண்ணத்தை உற்றுப் பார்க்க வேண்டாம். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3 முதல் 5 டன் பூ தேவை. அந்தக் கணக்கில் 300 கிராம் இதழில் இருப்பது 0.1 கிராமைத் தாண்டாது. ஆனால் ரோஜா மணத்தின் முக்கியமான பங்காளியான பினைல் எத்தில் ஆல்கஹால் தண்ணீரில் நன்றாகவே கரையும். அதனால்தான் பன்னீர் அவ்வளவு மணக்கிறது. சுத்தமான புட்டியில் குளிரில் வைத்தால் சில வாரம் தாங்கும்.

பூ மணம் மட்டுமே இருந்தால் செண்ட் சீக்கிரம் பறந்துவிடும். பிடித்து நிறுத்த ஒரு அடித்தளம் வேண்டும். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ் நகரத்தின் பாரம்பரிய அத்தரில் அந்த வேலையைச் சந்தன எண்ணெய் செய்கிறது. பூவைச் செப்புக் கொப்பரையில் தண்ணீரோடு கொதிக்க வைத்து, மூங்கில் குழாய் வழியே வரும் ஆவியை நேராகச் சந்தன எண்ணெயில் இறக்குவார்கள். நான் வெட்டிவேரை எடுத்துக்கொண்டேன். உலர்ந்த வேரைக் கழுவிக் காயவைத்து, பொடியாக நறுக்கி, 10 கிராமுக்கு 100 மில்லிலிட்டர் எத்தனாலில் ஊறப்போட்டால் சில வாரத்தில் தேன் நிறத்தில் இறங்கும். சாம்பிராணியும் உதவும், வனிலா போன்ற இனிமை வரும். ஆனால் பல பிசின்கள் கலந்த சாம்பிராணி வேண்டாம், கட்டியாக இருக்கும் அசல்தான் சரி. 10 கிராமைப் பொடித்து 50 மில்லிலிட்டர் எத்தனாலில் கரைத்து வடிகட்ட வேண்டும். இதை அதிகம் சேர்த்தால் தோலில் பிசுபிசுக்கும்.

எனக்குப் பிடித்துப்போன கலவை இது: மல்லிகையும் நிலச்சம்பங்கியும் சேர்ந்த வடிப்பு 30 மில்லிலிட்டர், வெட்டிவேர் ஊறல் 5, சாம்பிராணிக் கரைசல் 1, பன்னீர் 2. பன்னீரை அதற்கு மேல் ஊற்றினால் ஆல்கஹாலின் திடம் குறைந்து கலவை பால்போல் கலங்கும். வெட்டிவேரைக் கூட்டினால் மண் வாசனை மேலே வந்து மல்லிகை பின்வாங்குகிறது. 5-ல் அது பூவுக்குக் கீழே நிழலாக இருக்கிறது. கலந்தவுடன் முகர்ந்து முடிவு செய்யாதீர்கள், ஆல்கஹால் நெடிதான் தெரியும். இருட்டில் ஒரு மாதமாவது கிடந்தால் எல்லாம் ஒன்றோடொன்று இணங்கிவிடும்.

கடைச் செண்ட் போல அடுத்த அறை வரை வீசுகிற வாசனை இதிலிருந்து வராது. தெளித்த சில நிமிடத்தில் ஆல்கஹால் பறந்ததும் மல்லிகை வருகிறது. ஒன்றிரண்டு மணி நேரம் தோலை ஒட்டியே நிற்கிறது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். அதன் பிறகு வெட்டிவேர் மட்டும் மாலை வரை மங்கலாக இருக்கிறது. பூச்செடியின் அருகே நிற்பது போன்ற அந்த நெருக்கத்துக்காகவே எனக்கு இது எந்த விலையுயர்ந்த புட்டியைவிடவும் பிடித்திருக்கிறது.

பூசும் முன் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு வைத்து இரண்டு நாள் பாருங்கள். இயற்கைப் பூ என்பதால் ஒவ்வாமை வராது என்றில்லை. மல்லிகையும் சாம்பிராணியும் சிலருக்கு அரிப்பு தரும். வாசனைக்காக எலுமிச்சை வகைத் தோல் எண்ணெய் சேர்க்கிறவர்கள் கவனிக்க வேண்டும், பிழிந்தெடுத்த எண்ணெயாக இருந்தால் வெயில் பட்ட இடத்தில் தோல் புண்ணாகிக் கறுக்கலாம். அரளிப் பூவை எந்த முறையிலும் பயன்படுத்தக் கூடாது, செடி முழுக்க விஷம்.

கொஞ்சம் பொமேட்டை ஆல்கஹாலில் போடாமல் ஒதுக்கி வைத்திருந்தேன். அதில் கட்டிச் செண்ட் செய்தேன். ஒரு பங்கு தேன்மெழுகு, நான்கு பங்கு பொமேட். மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், பொமேட்டுக்கு அந்தச் சூடு ஆகாது. அதனால் மெழுகைக் கொஞ்சம் மணமில்லாத எண்ணெயோடு தனியாக உருக்கி, இறக்கிவைத்து, இறுகத் தொடங்கும் நேரத்தில் பொமேட்டைப் போட்டு விறுவிறுவென்று கலக்கிச் சிறு டப்பாவில் ஊற்றிவிட வேண்டும். ஆல்கஹாலில் கழுவிய பிறகு மிஞ்சிய கொழுப்பிலும் மணம் இன்னும் இருக்கிறது. அதை வீசிவிடாதீர்கள், சோப்பு செய்கிறவர்கள் அதை அப்படியே எண்ணெய்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.